பழைய எம்.ஜி.பி. இன்ஜினில் எங்கே காசு போடலாம்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்து வைத்தால் போதும், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பெரிய கார்புரேட்டர் மாட்டுங்கள் என்பார் ஒருவர். சைலன்சரை மாற்றினால் வண்டி பறக்கும் என்பார் இன்னொருவர். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைத் தொடாமல் ஒன்றும் நடக்காது என்று அடித்துச் சொல்கிறவரும் உண்டு. டேப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

என்னிடம் இருப்பது 1960-களின் கடைசியில் வெளிவந்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், மேல்கூரை திறக்கும் இரண்டு சீட் கார். சில வருடங்களாக அதன் இன்ஜினைக் கைக்கு அடக்கமான செலவில் தேற்றிக்கொண்டு வருகிறேன். குறைந்த செலவில் கிடைக்கும் குதிரைத்திறனில் பெரும்பகுதி, ஃபாக்டரியே கொடுத்து அனுப்பி நடுவில் எங்கோ தொலைந்துபோனதுதான் என்பது என் அனுபவம். அதைத் தேடி எடுத்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், காசு போட வேண்டிய முதல் இடம், சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் சிலிண்டர் ஹெட். கார்புரேட்டர், கேம், எக்ஸாஸ்ட் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

எம்.ஜி.பி.யைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் இது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. உள்ளே இருப்பது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் இன்ஜின்: 1798 சிசி, நான்கு சிலிண்டர், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, புஷ்ராட் வைத்து வால்வைத் திறக்கும் அமைப்பு. ஆரம்பத்தில் கிராங்க்ஷாஃப்டுக்கு மூன்று மெயின் பேரிங்தான். 1964 இறுதியில் ஐந்தாக்கினார்கள். 5400 ஆர்.பி.எம்.மில் 95 குதிரைத்திறன், 3000-ல் சுமார் 149 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) என்று கம்பெனி சொன்னது. இதே இன்ஜின் குடும்பம் வேன்களிலும் சாதாரண வீட்டுக் கார்களிலும் ஓடியது. அந்தப் பிறவிக்குணம் போகவில்லை: அடியிலிருந்து நன்றாக இழுக்கும், ஐந்தாயிரத்தை நெருங்கினால் மூச்சு வாங்கும்.

மூச்சு வாங்குவதற்குக் காரணம் ஹெட்டின் அமைப்பு. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே இன்லெட் போர்ட், அதாவது காற்று உள்ளே வரும் வழி. ஒன்றும் இரண்டும் ஒரு வழியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. எக்ஸாஸ்ட் பக்கம் மூன்று வழி. நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாசலில் புகையைத் தள்ளுகின்றன. இந்த ஐந்து துளைகளும் இன்ஜினின் ஒரே பக்கத்தில். சிலிண்டர்கள் எரியும் வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2. அதனால் இரண்டாம் சிலிண்டர் காற்றை இழுத்து முடிக்கும் முன்பே ஒன்றாம் சிலிண்டர் அதே குழாயிலிருந்து இழுக்கத் தொடங்கிவிடுகிறது. மூன்றுக்கும் நான்குக்கும் இதே தகராறுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் முடிவுகளில் பாதி தானாகவே புரியும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளவு எடுக்க வேண்டும். "முன்னைக்கு இப்போது நல்லா இழுக்குது" என்பது அளவு ஆகாது. சைலன்சர் சத்தம் கூடினாலே வண்டி வேகமாகப் போவதுபோல் காதுக்குத் தோன்றிவிடும். நான் வைத்துக்கொண்ட வழி, மூன்றாவது கியரில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 100 வரை ஏற எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. இந்தக் காரில் அது ஏறத்தாழ 2400 முதல் 4800 ஆர்.பி.எம். வரை, அதாவது ரோட்டில் உண்மையில் பயன்படுத்தும் பகுதி. போனில் இருக்கும் ஜி.பி.எஸ். போதும். அந்த வேகத்துக்கு அனுமதியுள்ள, காலியான சமதள ரோடாக இருக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றும் சரிவும் பொய் சொல்லும். டேங்கில் பெட்ரோல் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இந்தக் கடைசி விஷயத்தில் கட்டுப்பாடு வைத்துக்கொள்வது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டம், பார்சல் வந்து மேசைமேல் உட்கார்ந்திருக்கும்போது.

அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கையும் கழற்றிவிட வேண்டும், காற்றை உள்ளே விடும் திராட்டிலை முழுதாகத் திறந்து பிடிக்க வேண்டும். திராட்டிலை மூடி வைத்து எடுத்தால் குறைந்த எண் வரும், வீணாகப் பயப்படுவோம். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பது முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. ரிங் போன இன்ஜினில் பவருக்காகச் செலவு செய்வதைவிட, அதே பணத்தை முதலில் அதைச் சரிசெய்யப் போடலாம். என் இன்ஜினில் நான்கும் நெருக்கமாகவே வந்தன. அதனால்தான் மேற்கொண்டு போக எனக்கு மனம் வந்தது.

சரி, இலவசமாகக் கிடைக்கும் குதிரைத்திறன். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கிக்கொண்டு பட்டர்ஃப்ளை (திராட்டிலின் தகடு) எந்த நிலையில் இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். காற்றோட்டத்துக்கு நேர்கோட்டில் படுத்திருக்க வேண்டும். என் காரில் முக்கால்வாசிதான் திறந்தது. கேபிள் தளர்ந்திருந்தது, போதாக்குறைக்கு, முந்தைய உரிமையாளர் பெடலுக்கு அடியில் தடிமனான கார்பெட் போட்டிருந்தார். இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டியில், இரண்டையும் இணைக்கும் கம்பியின் கிளிப் தளர்ந்து, முன்னது முழுதாகத் திறந்தும் பின்னது திறக்காமலும் இருப்பதுண்டு. கேபிளை இழுத்துக் கட்டி, கார்பெட்டை அந்த இடத்தில் வெட்டியதற்குச் செலவு எதுவும் இல்லை. மேல் ரேஞ்சில் நான் பார்த்த பெரிய வித்தியாசங்களில் அது ஒன்று.

டேப்பெட் கேப் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. எட்டு வால்வு இருப்பதால் ஒன்பதாம் எண் கணக்கு வேலை செய்யும்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஆனால் பழைய இன்ஜினில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜையே முழுதாக நம்பக் கூடாது. ராக்கரின் நுனி பல வருடம் வால்வு தண்டில் தட்டித் தட்டி நடுவில் சின்னக் குழி விழுந்திருக்கும். தகடு அந்தக் குழிக்கு மேலே பாலம் போட்டதுபோல் நிற்கும். நாம் 0.38 என்று நினைப்போம், உள்ளே அதைவிட அதிகம் இருக்கும். வால்வு அவ்வளவுக்குக் குறைவாகத் திறக்கும், சத்தமும் போடும். எத்தனை முறை கேப் வைத்தாலும் டேப்பெட் சத்தம் அடங்கவில்லை என்றால் ராக்கரைக் கழற்றி நுனியையும், ஷாஃப்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஷாஃப்டில் விரலை ஓட்டினால் ஒவ்வொரு ராக்கருக்கு நேராகவும் படி விழுந்திருப்பது நகத்தில் தட்டும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இந்த இன்ஜினில் ராக்கரைப் பிடித்திருக்கும் எட்டு நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஸ்டட்களில் இருப்பவை. அந்த நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் கோணலாக இழுபடும், கேஸ்கெட் கசியும். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய பிறகே ராக்கரை எடுக்க வேண்டும்.

இக்னிஷன் பக்கம் நான் நிறைய நேரம் செலவழித்தேன். அதற்கான பலனும் கிடைத்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி ஸ்பார்க்கை அனுப்பும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் மோசமான பொருள் இல்லை. ஆனால் உள்ளே புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும். ஷாஃப்ட் ஆடினால் பாயிண்ட் கேப் (ஸ்பார்க்கைக் கிளப்பும் தொடுமுனைகளின் இடைவெளி) ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி. டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தால் புல்லியில் இருக்கும் குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் துள்ளும். அப்படித் துள்ளினால் எந்த டிகிரியில் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒரு சிலிண்டர் நாக்கிங் அடிக்கும் (கலவை முறைதவறி வெடித்துத் தட்டும் சத்தம்), இன்னொன்று தாமதமாக எரியும்.

அதற்கும் முன்னால், குறியே சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராங்க் புல்லி இரண்டு வளையங்களாலானது, நடுவில் ரப்பர் ஒட்டியிருக்கும். ரப்பர் வயதானால் வெளிவளையம் மெல்ல நழுவும், அதோடு டைமிங் குறியும் நகரும். பார்க்கும் வழி எளிது. பிளக் ஓட்டையில் திருகி மாட்டும் பிஸ்டன் ஸ்டாப் ஒன்று வாங்கலாம். பழைய பிளக்கின் உள்ளே போல்ட் பொருத்தி நாமே செய்யவும் செய்யலாம். மற்ற பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒன்றாம் சிலிண்டரில் அதை மாட்டி, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் இடித்து நின்றதும் புல்லியில் ஒரு கோடு. பிறகு எதிர்ப்பக்கம் சுற்றி, மறுபடி இடித்து நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவில் இருப்பதுதான் உண்மையான டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளி. ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்றிவிடாதீர்கள், பிஸ்டன் ஓட்டையாகிவிடும். குறி நழுவியிருந்தால் புது புல்லி போட்டுவிடுவதே நல்லது. நழுவத் தொடங்கிய வளையம் ஒருநாள் கழன்று ரேடியேட்டரைத் தாக்கலாம்.

இது முடிந்த பிறகு அட்வான்ஸ், அதாவது டி.டி.சி.க்கு எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் அடிக்கிறது என்பது, எப்படி ஏறுகிறது என்று பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிங்கிலிருந்து ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றி, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை டிகிரி என்று தாளில் எழுதிக்கொண்டேன். இந்த இன்ஜினுக்கு மொத்த அட்வான்ஸ் 32 முதல் 34 டிகிரி வரை இருந்தால் போதும். என் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ளே இருந்த சின்ன ஸ்பிரிங் இழுபட்டுத் தளர்ந்துபோயிருந்தது. அட்வான்ஸ் முழுவதும் சீக்கிரமே ஏறிவிடும், நடு ரேஞ்சில் நாக்கிங் அடிக்கும், அடிக்கிறதே என்று யாரோ மொத்த டைமிங்கையும் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். விளைவு, நாக்கிங் போய்விட்டது, கூடவே பவரும். டிஸ்ட்ரிபியூட்டரைப் புது புஷ், சரியான ஸ்பிரிங்குகளோடு புதுப்பித்து, மேலே 33 டிகிரி வருமாறு வைத்தேன். ஐடிலிங்கில் எவ்வளவு வருகிறதோ அது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதுப்பிக்க நம்பகமான ஆள் கிடைக்காவிட்டால், பல அட்வான்ஸ் வளைவுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல மாற்று. பாயிண்டுக்குப் பதிலாக உள்ளே பொருத்தும் சின்ன மாட்யூல் பாயிண்ட் தேயும் தொல்லையைத் தீர்க்கும், ஷாஃப்ட் ஆட்டத்தை அது குணப்படுத்தாது. "ஸ்போர்ட்ஸ்" என்று எழுதியிருக்கும் தங்க நிறக் காயில்களைப் பற்றிக் கேட்கிறார்கள். பழைய காயில் நன்றாக வேலை செய்தால் அதை மாற்றுவதால் பவர் எதுவும் கூடாது. பானெட் திறந்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் கார்புரேட்டர். இரட்டை எஸ்.யூ. எச்.எஸ்.4, ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல வாய். காற்று எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குப் பிஸ்டன் தானாக உயரும், அதோடு சேர்ந்து கூரான நீடில், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டிலிருந்து மேலே எழும்பிப் பெட்ரோலுக்கு வழிவிடும். இத்தனை எளிமையான கருவியை மக்கள் ஏன் இவ்வளவு பயந்து தூக்கி எறிகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நூற்றில் தொண்ணூறு புகாருக்குக் காரணம் திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து பக்கவாட்டில் காற்று உள்ளே நுழைவதுதான் என்பேன். ஐடிலிங்கில் ஸ்பிண்டில் முனையில் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடித்துப் பாருங்கள். இன்ஜின் வேகம் மாறினால் அங்கே கசிவு. எக்ஸாஸ்ட் சூடாக இருக்கும்போது இதைக் கவனமாகச் செய்யுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

மிக்சர் (காற்று-பெட்ரோல் கலவை) பார்க்க, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மெல்லத் தூக்க வேண்டும். வேகம் லேசாக ஏறி உடனே அடங்கினால் மிக்சர் சரி. ஏறியது ஏறியபடியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்). தொங்கி அணையப் பார்த்தால் லீன் (பெட்ரோல் குறைவு). ஜெட் நட்டை ஒரு முகம் ஒரு முகமாகத் திருப்புங்கள். கீழே இறக்கினால் ரிச், மேலே ஏற்றினால் லீன். இரண்டு கார்புரேட்டரும் சமமாக இழுக்கின்றனவா என்று பார்க்க விலை உயர்ந்த மீட்டர் கட்டாயம் இல்லை. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் வைத்துச் சீறலைக் கேட்டாலே தெரிந்துவிடும். கார்புரேட்டர் தலையில் இருக்கும் டேஷ்பாட்டில் ஆயில் விட மறக்காதீர்கள். அது வற்றியிருந்தால் ஆக்சிலரேட்டரைச் சடாரென மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழுந்து, வண்டி ஒரு கணம் திக்கும்.

இதெல்லாம் ஐடிலிங் விஷயம். முழு வேகத்தில் மிக்சர் எப்படி என்று காது சொல்லாது. மொத்தத்தில் நான் வாங்கிய பொருள்களில் எனக்கு அதிகம் உழைத்தது, எக்ஸாஸ்ட் புகையை வைத்து மிக்சரைக் காட்டும் ஒரு வைட்பேண்ட் லேம்டா மீட்டர். எக்ஸாஸ்ட் குழாய்கள் ஒன்று சேரும் இடத்துக்குப் பின்னால் ஒரு நட்டு வெல்டிங் செய்து சென்சாரை மாட்டினேன். முழு லோடில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5-க்கும் 13-க்கும் இடையில் இருக்க வேண்டும். நிதானமாகப் போகும்போது 14, 15 வரை போகலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த எண்ணைப் பார்த்து நீடிலை மாற்றிக்கொள்ளலாம். நீடில் மலிவு. தண்டில் பொறித்திருக்கும் எழுத்தை வைத்து எந்த உயரத்தில் எவ்வளவு தடிமன் என்ற அட்டவணை கிடைக்கும்; எந்த இடத்தில் லீனாகிறதோ அந்த இடத்தில் மெலிதான நீடிலைத் தேர்ந்தால் தீர்ந்தது.

ஏர் ஃபில்டரை மாற்றுவது எல்லாரும் முதலில் செய்வது. குரோம் மூடி போட்ட தட்டையான ஃபில்டர்களில் பல, கார்புரேட்டரின் கூர்மையான வாய் விளிம்புக்கு நேராக உட்காருகின்றன. காற்றுக்குக் கூர் விளிம்பு ஆகாது, திரும்பும்போது சுழன்று வழியைக் குறுக்கிவிடும். புனல்போல் வளைந்த ஒரு சின்ன வளையத்தை வாயில் பொருத்திவிட்டு, அதை மூடும் அளவுக்கு ஆழமான ஃபில்டர் போட்டால் பலன் உண்டு. வளையத்துக்கு இடம் இல்லாத ஃபில்டரை வாங்குவதைவிட ஃபாக்டரி டப்பாவை அப்படியே வைத்துப் புது எலிமெண்ட் போடுவது மேல். எதைப் போட்டாலும் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (ஹெட்டோடு இணைக்கும் குழாய்) நடுவில் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் நேர் கீழே காய்கிறது. தகடு இல்லாவிட்டால் டிராஃபிக்கில் பெட்ரோல் கொதிக்கும்.

எக்ஸாஸ்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எம்.ஜி.பி.யின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் அந்தக் காலத்துக்கு ஆச்சரியப்படும்படி நன்றாக வடித்தது. ரோட்டில் ஓட்டும் இன்ஜினுக்கு அதை எடுத்துவிட்டுக் குழாய் மேனிஃபோல்ட் போட்டுப் பெறுவது கொஞ்சம்தான். கூடவே கிடைப்பது கேஸ்கெட் கசிவும் வெப்பமும். சைலன்சர் துருப்பிடித்து மாற்ற வேண்டிய நாளில், நேர்வழிச் சைலன்சர் உள்ள செட்டாகப் பார்த்து வாங்கினால் போதும்.

இத்தனைக்கும் பிறகு என் மூன்றாம் கியர் நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்திருந்தது, இன்ஜினில் ஸ்போர்ட்ஸ் பாகம் என்று சொல்ல ஒன்றும் இல்லாமலேயே. பலருக்கு இதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

நிறுத்த மனமில்லாதவர்களுக்கு, ஹெட். இந்த இன்ஜினின் எரியறையை வடிவமைத்தவர் ஹாரி வெஸ்லேக். மேலிருந்து பார்த்தால் இதய வடிவம். இரண்டு வால்வுக்கும் நடுவில் மூக்குபோல் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். நல்ல வடிவம்தான், ஆனால் ஃபாக்டரியில் வார்த்தது வார்த்தபடி வரும். வால்வு மூடும்போது உட்காரும் சீட்டுக்குக் கீழே இருக்கும் கிண்ணம்போன்ற பகுதியில் முதல் ஓரிரு சென்டிமீட்டரில்தான் காற்று அதிகம் திணறுகிறது. வால்வு தண்டைப் பிடித்திருக்கும் கைடு அங்கே கட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும், சீட்டை வெட்டிய இடத்தில் கூரான படி இருக்கும். கைடு மேட்டை மெலிதாக்கி, படியை வழித்து, சீட்டை மூன்று கோணத்தில் வெட்டி, வால்வின் பின்பக்கத்தையும் கொஞ்சம் சாய்த்து வெட்டினால், பெரிய வால்வு போடாமலேயே காற்றோட்டம் கணிசமாகக் கூடும்.

நான் செய்யக் கூடாது என்று ஒதுக்கிய வேலை ஒன்று உண்டு: போர்ட் வாசலைப் பெரிதாகக் குடைவது. வாசலைக் குடைந்து பளபளவென்று பாலிஷ் போட்ட ஹெட் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் இரண்டு சிலிண்டர் ஒரே வழியில் இழுக்கும் இன்ஜினில் காற்றின் வேகம் குறைந்தால், கீழே இருந்த இழுவையும் போய்விடும். கிண்ணப் பகுதிக் கரடுமுரடை நானே கிரைண்டரில் வழித்தேன். சீட், கைடு வேலைகளை மெஷின் ஷாப்பில் கொடுத்தேன், அதைக் கையால் செய்ய முடியாது. ஹெட் வெளியே இருக்கும்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடின சீட் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஈயம் இல்லாத பெட்ரோலில் அழுத்தி ஓட்டினால் பழைய இரும்பு சீட் உள்வாங்கும். டேப்பெட் கேப் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் நடக்கிறது.

ஹெட் கையில் இருக்கும்போது கம்ப்ரஷன் விகிதத்தையும், அதாவது பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள இடம் மேலே வந்த பிறகு மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதையும், பார்த்துவிடலாம். கணக்கு கடினமில்லை. 1798-ஐ நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 449.5 சிசி. விகிதம் 8.8 என்றால் பிஸ்டன் மேலே வந்த பிறகு மிஞ்சும் இடம் 449.5-ஐ 7.8-ஆல் வகுப்பது, சுமார் 57.6 சிசி. 9.5 வேண்டுமென்றால் 8.5-ஆல் வகுக்க வேண்டும், 52.9 சிசி. ஆக ஒவ்வொரு சிலிண்டரிலும் 4.7 சிசி குறைக்க வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக் மாட்டி, அறையின் மேல் கிரீஸ் தடவிய கண்ணாடித் தகட்டை வைத்து, அதில் போட்ட சின்னத் துளை வழியாகப் பியூரெட்டால் திரவத்தை விட்டு நிரப்பினால் ஹெட் பக்கத்து அளவு தெரியும். ஹெட்டின் அடிப்பரப்பை எத்தனை மில்லிமீட்டர் சீவுவது (ஸ்கிம்) என்று மெஷின் ஷாப்பில் சொல்ல வேண்டியது இந்தக் கணக்கிலிருந்து வரும் எண்ணை. "நல்லா ஷேவ் பண்ணிடுங்க" என்று சொன்னால் அவர்கள் கை போன போக்கில்தான் வரும். இரும்பு ஹெட்டில் 9.5-க்கு மேல் போக எனக்குத் தயக்கம். அந்த மூக்கு முனை சூடேறி நாக்கிங்கைக் கிளப்பும் இடம். அதன் கூர் விளிம்புகளை மட்டும் லேசாக மழுக்கிவிட்டேன். ஏற்றுமதிக்கான பல கார்களில் 8.0 விகிதம்தான் இருந்தது. அந்த இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வேலையிலேயே என்னைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

ஹெட்டைப் பூட்டி, டைமிங்கையும் நீடிலையும் மறுபடி சரிசெய்த பிறகு வண்டியின் சுபாவமே மாறிவிட்டது. முன்பு நாலாயிரத்தில் கியர் மாற்றத் தோன்றும், இப்போது ஐந்தாயிரத்தைத் தாண்டியும் இழுக்கிறது. 50-100 நேரத்தில் அதுவரை செய்த எல்லா வேலைக்கும் சேர்த்துக் கிடைத்ததைவிட இந்த ஒன்று அதிகம் குறைத்தது.

கேம்ஷாஃப்டைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் அந்தப் பங்குபோடும் போர்ட்டுகள். ஃபாக்டரி கேமில் இன்லெட் வால்வு டி.டி.சி.க்கு 16 டிகிரி முன்னால் திறந்து, கீழ்ப்புள்ளி தாண்டி 56 டிகிரியில் மூடும். மொத்தம் 252 டிகிரி. காட்டமான ரேஸ் கேம் போட்டு இதை நீட்ட நீட்ட, ஒரு சிலிண்டர் மூடுவதற்குள் பக்கத்துச் சிலிண்டர் திறந்து காற்றைப் பிடுங்கிக்கொள்ளும் நேரமும் நீள்கிறது. ரோட்டுக்கு 270 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் மிதமான கேம் போதும். அதற்கும் முன்னால், இருக்கிற கேம் சரியான நேரத்தில் திறக்கிறதா என்று டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்துப் பார்ப்பது மலிவு. இன்லெட் முழுதாகத் திறக்கும் புள்ளி டி.டி.சி. தாண்டி 110 டிகிரியில் வர வேண்டும். பழைய செயின் இழுபட்டு எனக்குச் சில டிகிரி பின்தங்கியிருந்தது. புது செயினும், கேம் சக்கரத்தைச் சில டிகிரி தள்ளிப் பொருத்த உதவும் ஆஃப்செட் கீயும் அதைச் சரிசெய்தன. கேம் மாற்றுகிறவர்கள் அதன்மேல் உரசும் ஃபாலோயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல், ஒரு இருபது நிமிடம் 2000 முதல் 2500 வரை வைத்து ஓட்ட வேண்டும், துத்தநாகம் போதுமான அளவுள்ள ஆயிலோடு. இல்லாவிட்டால் புது கேமின் முனைகள் முதல் நாளே தேய்ந்துவிடும்.

வெபர் கார்புரேட்டர் பற்றிக் கேட்பவர்களுக்கு: இரட்டை வாயுள்ள 45 டி.சி.ஓ.இ. மாடல் ஒன்று மாட்டினால் சத்தம் அபாரம். நீண்ட மேனிஃபோல்ட், இடப் பற்றாக்குறை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஜெட் பெட்டி. ரோட்டு இன்ஜினுக்கு நன்றாகச் சரிசெய்த எஸ்.யூ. ஜோடியிலிருந்து அது தள்ளி நிற்கும் தூரம் மிகக் குறைவு. நிஜமாகவே பெரிய பவர் வேண்டும் என்றால் கம்பெனியே 1973 முதல் 1976 வரை ரோவரின் 3528 சிசி வி8 போட்டு 137 குதிரைத்திறனில் எம்.ஜி.பி. ஜிடி விற்றது. அந்தப் பக்கம் போகிறவர்களின் பட்ஜெட் வேறு.

பெட்ரோல் குழாய்கள் இந்தக் கணக்கில் சேராதவைபோல் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்து கரைக்கிறது, கரைந்த துகள் கார்புரேட்டரின் ஃப்ளோட் நீடிலில் போய் அடைக்கிறது. எத்தனால் தாங்கும் குழாயை முதலிலேயே மாற்றிவிடுங்கள். இப்போது எனக்குப் பாக்கி இருப்பது, கிளட்ச் பொருந்தும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் எடையைக் குறைப்பது. இந்தக் காரில் கிளட்ச் மாற்ற இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும் என்பதால், கிளட்ச் நழுவத் தொடங்கும் வரை அதைத் தொடப் போவதில்லை.